வயிற்று உப்புசமா? டெஸ்டுக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

சாப்பிட்டு எழுந்தால் வயிறு உப்பிக்கொள்கிறது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். 'குடல் ஆரோக்கியப் பேக்கேஜ்' விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கும். ரத்தம், மலம், மூச்சு, ஏன் தலைமுடியைக்கூட விடுவதில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஏதாவது சிக்குகிறதா என்று துழாவுவது வீண் செலவு. சந்தேகம் முதலில், டெஸ்ட் அப்புறம். பாலை உதாரணமாக வைத்து அந்த வரிசையைச் சொல்கிறேன்.

1. ஆபத்து அறிகுறி இருக்கிறதா?

மலத்தில் ரத்தம், காரணமே இல்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, விடாத காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

2. இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் போதும். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்போது உப்பியது, மலம் எப்படி இருந்தது. கடைசி விஷயத்தை எழுதக் கூச்சமாக இருந்தால், மலத்தின் தன்மையை 1 முதல் 7 வரை பிரிக்கும் பிரிஸ்டல் அளவுகோலின் எண்ணைக் குறித்தால் போதும். ஆட்டுப்புழுக்கை மாதிரி உதிர்ந்தால் 1, வெறும் தண்ணீராகப் போனால் 7. மிருதுவாக, நீளமாக வருவது 4. அதுதான் நல்லது, 3-ம் பரவாயில்லை.

காலையில் காபி குடித்த ஓரிரு மணி நேரத்தில் உப்புசம், மதியம் தயிர் சாப்பிட்டால் ஒன்றுமில்லை என்று நோட்டு சொன்னால் பால் சர்க்கரையான லாக்டோஸைச் சந்தேகிக்கலாம். தயிரில் உள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நமக்காக முன்பே செரித்துவிடுகின்றன.

3. சாதாரண டெஸ்டுகள் முதலில்

முழு ரத்த அணு எண்ணிக்கை, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச். முடி வளர பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். தைராய்டு முடிவைக் குழப்பிவிடும்.

கோதுமை மீது சந்தேகம் என்றால் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்த டெஸ்டை மொத்த ஐஜிஏ அளவோடு சேர்த்து எடுக்க வேண்டும். ஐஜிஏ என்பது உடல் உருவாக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம். பலர் சப்பாத்தியை நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து டெஸ்டுக்குப் போகிறார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்த முடிவை நம்ப முடியும்.

4. லாக்டோஸ் மூச்சுப் பரிசோதனை

சிறுகுடலில் செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. அது ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. டெஸ்ட் அளப்பது அதைத்தான்.

தயாரிப்பில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடைசி 4 வாரத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மலமிளக்கி மருந்தை மருத்துவரிடம் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். முந்தைய நாள் பருப்பு, காய்கறி, பழம், பால் எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறும் முட்டையோ கோழியோ போதும். சாம்பார் இல்லாத ஒரு நாள், வேறு வழியில்லை. பிறகு 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இப்படிப் பட்டினி இருக்கக் கூடாது. டெஸ்ட் அன்று சிகரெட், உடற்பயிற்சி இரண்டும் கூடாது.

அங்கே போனதும் முதலில் ஒரு முறை ஊதச் சொல்வார்கள். பிறகு தண்ணீரில் கரைத்த லாக்டோஸ், பெரும்பாலும் 25 கிராம். அதன்பின் சுமார் மூன்று மணி நேரம், அவ்வப்போது ஊத வேண்டும். நோட்டைக் கையோடு கொண்டுபோய், வயிறு எப்போது உப்பியது, எப்போது வலித்தது என்று குறித்துக்கொண்டே இருங்கள்.

5. முடிவைப் படிப்பது

முதல் அளவைவிட ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அல்லது அதற்கு மேல் ஏறினால் லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை என்று அர்த்தம். ஹைட்ரஜன் ஏறியும் வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றால் உங்கள் உப்புசத்துக்குக் காரணம் வேறு. சிலர் குடலில் ஹைட்ரஜனுக்குப் பதில் மீத்தேன் உருவாகும். ஆகவே இரண்டையும் அளக்கும் கருவி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பாசிட்டிவ் என்றதும் பாலைத் தலைமுழுக வேண்டியதில்லை. 25 கிராம் லாக்டோஸ் என்பது அரை லிட்டர் பாலில் இருப்பது. யாரும் ஒரே மூச்சில் அவ்வளவு குடிப்பதில்லை. ஒரு டம்ளர் பாலில் இருக்கும் 12 கிராம் அளவைப் பலரின் வயிறு தாங்கும், சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிதாக. இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். பிறகு தயிர், அடுத்து அரை டம்ளர் காபி, அடுத்து முழு டம்ளர் என்று ஏற்றிப் பார்த்தால் உங்கள் எல்லை தெரியும். பாலைக் குறைப்பவர்கள் கால்சியத்துக்குக் கேழ்வரகையும் எள்ளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

எதை வாங்க வேண்டாம்?

நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பட்டியலிடும் 'உணவு ஒவ்வாமை' டெஸ்ட். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008-லும் கனடா சங்கம் 2012-லும் இது வேண்டாம் என்று சொல்லிவிட்டன. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி உருவாவது இயல்பு. அரிசியும் பருப்பும் சிவப்பில் வந்தால் நீங்கள் தினமும் சோறு சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் தெரியும். அதற்கு ரத்தம் கொடுக்க வேண்டுமா?