குழந்தை ஒரு தடவை சொன்னால் போதும்: பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டர்களுக்கான மேசைப் பயிற்சி

சில வருஷத்துக்கு முன்னால், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தனக்கு நடந்த பாலியல் கொடுமையை ஒரே நாளில் ஆறு பேரிடம் சொன்னாள். கேசுவால்டி டாக்டர், எங்கள் பி.ஜி., மகப்பேறு டாக்டர், தடயவியல் டாக்டர், சமூகப் பணியாளர், போலீஸ். ஆறாவது ஆள் கேட்டபோது பெட்ஷீட் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "ஒண்ணும் நடக்கல, வீட்டுக்குப் போலாம்மா" என்றாள். ஆறு பேருமே அக்கறையானவர்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளாததுதான் குறை. அதற்குப் பிறகுதான், இப்படிப்பட்ட கேஸ்களைத் தாளில் வைத்து எல்லோரும் ஒரே மேசையில் பேசிப் பழகும் இந்தப் பயிற்சியை மாதம் ஒருமுறை நடத்த ஆரம்பித்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பி.ஜி.க்களோடு ஸ்டாஃப் நர்ஸ், சமூகப் பணியாளர், மனநல டாக்டர், தடயவியல் டாக்டர், அனைத்து மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ., குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எஸ்.ஐ. சாதாரண உடையில் வரட்டும். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சீருடை கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு.

முதல் கேஸ் தாள்: மூன்று மாதக் கைக்குழந்தை, சளி என்று ஓ.பி.க்கு வந்திருக்கிறது. காது மடலில் பட்டாணி அளவு ரத்தக்கட்டு. "தொட்டில்ல இடிச்சுக்கிச்சு" என்கிறார்கள். நர்ஸை முதலில் பேச விடுங்கள். துணி மாற்றும்போது உடம்பு முழுக்கப் பார்ப்பவர் அவர்தான். புரளவே தெரியாத குழந்தைக்கு ரத்தக்கட்டு எப்படி வந்தது? நான்கு மாதத்துக்குள் எங்கே இருந்தாலும், நான்கு வயதுக்குள் நடு உடம்பிலோ (மார்பு, வயிறு, முதுகு) காதிலோ கழுத்திலோ இருந்தாலும், தெளிவான காரணம் இல்லையென்றால் யாராவது அடித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். ரத்தம் உறைவதில் கோளாறா, பிறவி நீலத் திட்டா என்பதையும் பாருங்கள். நிறத்தை வைத்து "இத்தனை நாள் பழசு" என்று எழுதக் கூடாது என்பதைத் தடயவியல் டாக்டர் சொல்லட்டும்.

அடுத்த கேஸில் குழந்தை பேசும் வயது. கேட்க நினைப்பதை ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் எழுதட்டும். சேர்த்துப் பார்த்தால் ஒரே கேள்வி நாலு தாளில் இருக்கும்! குழந்தையிடம் ஒருவர் மட்டும் பேச வேண்டும். "என்ன ஆச்சும்மா, சொல்லு" என்று ஆரம்பிக்கலாம். "அந்த மாமாவா தொட்டாரு?" என்று வாயில் பதிலைத் திணிக்கக் கூடாது. உறுப்புக்குக் குழந்தை என்ன செல்லப்பெயர் சொன்னதோ, கேஸ் ஷீட்டிலும் அதே பெயர்தான். சட்டப்படி பின்னால் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்ல வேண்டி வரலாம். மருத்துவமனைக்குள்ளாவது ஒரு தடவையோடு நிற்கட்டும்.

எல்லாப் பயிற்சியிலும் யாராவது ஒருவர், "புகார் கொடுக்கலாமா, எல்லோரும் கலந்து முடிவு பண்ணுவோம்" என்பார். அங்கே நிறுத்துங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தாலே புகார் கொடுப்பது போக்சோ 19ஆம் பிரிவின்படி கட்டாயம்; கொடுக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. கலந்து பேசுவது சிகிச்சைக்காக. எஃப்.ஐ.ஆர். இல்லை என்று பரிசோதனையையும் தள்ளிப்போட முடியாது. 27ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும்.

எழுந்து போவதற்கு முன் கைக்குழந்தையின் தாளை மறுபடி எடுங்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாத விலா முறிவு, எலும்பு கூட ஆரம்பித்த பிறகு, இரண்டு வாரத்தில் தெரியலாம். அந்த இரண்டாவது எக்ஸ்ரேக்குக் குழந்தையைக் கூட்டிவரும் பொறுப்பு யாருடையது என்று ஒருவர் பெயரைத் தாளிலேயே எழுத வையுங்கள்.