பஸ் பாஸிலிருந்து வேலை வரை: வீடும் ஊரும் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துப் பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து முதல் சம்பளம் வாங்கும் வரை அரசு பல இடங்களில் கை கொடுக்கிறது. இலவச பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள், கல்லூரிக்கோ ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ போனால் மாதம் 1,000 ரூபாய், நான் முதல்வன் என்ற அரசுத் திறன் பயிற்சி, வேலைவாய்ப்பு முகாம், பக்கத்திலேயே ஒரு சிப்காட் தொழிற்பேட்டை. இத்தனை இருந்தும் எங்கள் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அரசு இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அது தனிப் பேச்சு. இருப்பதையே கைநழுவ விடுகிறோமே, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான். பஸ் போக்குவரத்துத் துறையிடம், பள்ளி கல்வித் துறையிடம், ஐ.டி.ஐ. தொழிலாளர் நலத் துறையிடம், சிப்காட் தொழில் துறையிடம் இருக்கிறது. ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த மேசையில் நடப்பது தெரியாது. நாமும் அப்படியே தனித்தனியாகக் கேட்கிறோம், தனித்தனியாக முடிவெடுக்கிறோம். பிள்ளை நடக்கிற பாதை மட்டும் ஒன்றே ஒன்று.

பஸ் கேட்கும் விதம்

"எங்கள் ஊருக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும்" என்று ஒரே வரியில், கீழே நாற்பது கையெழுத்தோடு போகும் மனுக்கள்தான் அதிகம். அந்த மனுவை வைத்துக்கொண்டு கிளை மேலாளரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குத் தெரிய வேண்டியது எந்தத் தடம், எந்த நடை (பஸ் ஒருமுறை போய் வருவது), எந்த நேரத்தில் எத்தனை பேர் என்பது. பல ஊர்களில் உண்மையான பிரச்சினை பஸ் இல்லாதது கூட இல்லை. பஸ் வரும் நேரம்தான்.

எப்படி என்று பார்ப்போம். மேல்நிலைப் பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு ஐந்தே காலுக்கு முடிகிறது. ஊருக்குப் போகிற பஸ் ஐந்து மணிக்கு, அதை விட்டால் ஏழு மணிக்கு. பையன்கள் யாராவது வண்டியில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளை அப்படி வர வீட்டில் அனுமதிக்க மாட்டார்கள். அவர்கள் நாலே முக்காலுக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் கடைசிப் பாடங்கள் நடத்தப்படுவது அந்தச் சிறப்பு வகுப்பில்தான். மார்ச் மாதம் மார்க் குறைந்தால் "பொண்ணுக்குக் கணக்கு வராது" என்று பேச்சு முடிந்துவிடும். பஸ் நேரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இதற்குப் புதுப் பஸ் வேண்டாம், இருக்கிற நடையை அரை மணி நேரம் தள்ளினால் போதும்.

ஆகவே மனுவில் தடம் எண், இப்போதைய நேரம், வேண்டிய நேரம், எந்த நிறுத்தத்தில் எந்த வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற பட்டியல், தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட பள்ளி நேரம் எல்லாம் இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலை இணையுங்கள். கிராம சபைத் தீர்மானமும் இருந்தால் மனுவுக்குக் கனம் கூடும். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜூனில் பள்ளி திறக்கும்போது நேரம் மாற வேண்டுமென்றால் மே 1 கூட்டத்தை விடக்கூடாது. பெரும்பாலும் பள்ளி திறந்து, பிள்ளைகள் படிக்கட்டில் தொங்க ஆரம்பித்த பிறகு ஆகஸ்டில்தான் நமக்கு நினைவு வருகிறது. மனுவைக் கிளைப் பணிமனையில் கொடுத்ததோடு நிறுத்தாமல், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-இலும் பதியலாம்.

சரி, பஸ் வந்துவிட்டது. அப்புறம் இன்னொரு தவறு நடக்கும். விடியல் பயணம் என்ற கட்டணமில்லாத் திட்டத்தில் போகும் பெண்கள் "காசுதான் இல்லையே" என்று டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிடுவார்கள். கட்டணமில்லா டிக்கெட் கிழிக்கப்பட்டால்தான் அந்தப் பயணம் கணக்கில் ஏறும். அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்வது அந்தக் கணக்கை வைத்துத்தான். கணக்கில் ஆளே இல்லாத நடையைக் காப்பாற்றுவது கடினம். இந்தத் திட்டம் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். தனியார் மினி பஸ்ஸை நம்பித் தினசரிச் செலவைக் கணக்கிட்டால் மாதக் கடைசியில் இடிக்கும்.

பாஸ் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். ஜூனில் புது பாஸ் கைக்கு வரும் வரை பழைய பாஸைக் காட்டியோ, சீருடையிலோ பயணிக்கலாம் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. இது தெரியாமல் காசு கொடுத்துப் போகிறவர்கள் உண்டு, பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டு அழுதுகொண்டே வந்த பிள்ளைகளும் உண்டு. இரண்டாவது, பாஸில் ஏறும் இடமும் இறங்கும் இடமும் பள்ளியின் எமிஸ் பதிவை (கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரப் பதிவை) பார்த்துத்தான் வரும். வீடு மாறினால், பிள்ளை பாட்டி வீட்டிலிருந்து போக ஆரம்பித்தால், முதலில் வகுப்பாசிரியரிடம் சொல்லி முகவரியைத் திருத்த வேண்டும்.

ஜவ்வாது மலை, வால்பாறை போன்ற இடங்களில் பஸ்ஸே போகாத குடியிருப்புகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்ட விதிப்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வகுப்பு வரையிலான பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். அப்படி இல்லாத இடத்துப் பிள்ளைகளுக்கு வண்டிக்கும் வழித்துணைக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நிதி உண்டு. பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த ஆண்டு கைவிட்டுப் போகும். மலையூர்களில் மேலாண்மைக் குழு பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பேன்.

பஸ் சரியில்லை என்று பதினாறு வயதுப் பையனிடம் பைக் சாவியைக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. டிரைவர் வேலை கிராமத்துப் பையன்களுக்கு எவ்வளவு பெரிய வழி என்று யோசித்துப் பாருங்கள். பிளஸ் ஒன்னில் கொடுக்கும் சைக்கிளைப் பாதி விலைக்கு விற்றுவிடாமல் பிரேக்கும் செயினும் பார்த்து ஓட்டினாலே பல ஊர்களில் பாதிப் பிரச்சினை தீரும்.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதில்

"பெயிலானவன் போகிற இடம்" என்று ஐ.டி.ஐ.யைத் தள்ளுவது இன்னும் போகவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் விண்ணப்பம் தொடங்கிவிடும். நம் வீடுகளில் பிளஸ் ஒன், பாலிடெக்னிக் எல்லாம் பார்த்துவிட்டு, எதுவும் அமையாமல் போன பிறகு ஐ.டி.ஐ. வாசலுக்கு வருகிறார்கள். அதற்குள் எலக்ட்ரீசியன், ஃபிட்டர், மெஷினிஸ்ட் எல்லாம் நிறைந்துவிடும். மீதி இருக்கிற டிரேடில் (தொழிற்பிரிவில்) மனசில்லாமல் சேர்ந்து, பாதியில் நின்றுவிடுவார்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, ஷூ, புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ் உண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவரும் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. பத்து முடித்து இரண்டாண்டு டிரேடு படித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தப்பட்டு, ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் எல்லாம் கற்றுத் தருகின்றன. பக்கத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். கூடவே பிள்ளையையும் அழைத்துப் போங்கள்.

டிரேடைத் தேர்ந்தெடுக்கும்போது நண்பன் எதில் சேர்ந்தான் என்று பார்ப்பதை விட, வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரத்தில் எந்த ஆலை யாரை எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கோவையில் பம்ப்செட், ஃபவுண்டரிக்கு டர்னரும் மெஷினிஸ்டும் வேண்டும். திருப்பூர் என்றால் தையல். ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் வளர்கிறது. செய்யாறு, பெரம்பலூர் சிப்காட்களில் காலணி ஆலைகள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இதைப் பார்க்காமல் எடுத்த டிரேடு பிள்ளையை ஊரை விட்டு ரொம்ப தூரம் கொண்டுபோய்விடும். அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லாத வீடு, படித்த பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைக்கும்.

குறுகிய காலப் பயிற்சிகளில் நடக்கும் தவறு வேறு. சான்றிதழ் சேர்ப்பதே வேலையாகிவிடுகிறது. மூன்று மாதம் கம்ப்யூட்டர், இரண்டு மாதம் தையல், ஒரு மாதம் அழகுக்கலை என்று ஒன்றோடொன்று சேராத நாலு தாள்களை எந்தக் கம்பெனியும் பொருட்படுத்தாது. சேரும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: சான்று தருவது யார், போன பேட்ச் எங்கே வேலைக்குப் போனது, கைக்கு எவ்வளவு வந்தது, அதில் இப்போதும் வேலையில் இருப்பது யார். பதில் சொல்லத் தயங்கும் மையத்தில் சேராதீர்கள். நான் முதல்வன், கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் திட்டம், வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி சுயதொழில் பயிற்சி மையம் ஆகியவற்றில் அரசுப் பயிற்சி இலவசம். அதற்குப் பதிவுக் கட்டணம், வேலை டெபாசிட் என்று யாராவது கேட்டால் அது மோசடி. ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

முதலில் சொன்ன மாதம் 1,000 ரூபாய், அதாவது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டப் பணம், வராமல் அலைகிறவர்களில் பலருக்குக் காரணம் வங்கிதான். பணம் மாணவர் பெயரில் உள்ள கணக்குக்கு வரும், ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கே போகும். எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன கணக்கில் ஆறு மாதப் பணம் கிடக்கலாம். வங்கிக் கிளையில் கேட்டால் எந்தக் கணக்கு என்று சொல்லிவிடுவார்கள்.

வேலை என்று வரும்போது

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் அரசு வேலை வீட்டுக்கு வரும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்று பெரும்பாலான நியமனங்கள் டி.என்.பி.எஸ்.சி., சீருடைப் பணியாளர் தேர்வாணையம் போன்றவை நடத்தும் தேர்வுகள் வழியாகத்தான். பதிவு வீண் என்று சொல்லவில்லை; 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வாருங்கள். ஆனால் அந்த அலுவலகத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: போட்டித் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித் தரும் தன்னார்வப் பயிலும் வட்டமும், வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் தனியார் துறை முகாமும். கார்டு புதுப்பிக்கப் போகிறவர்கள் பக்கத்து அறையில் நடக்கும் வகுப்பை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

முகாமில் "மாதம் 18,000" என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது மொத்தமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தது போகக் கைக்கு வருவதா? சாப்பாடு, விடுதி, வண்டிக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? ஆர்டரில் இருப்பது கம்பெனி பெயரா, ஆள் அனுப்பும் ஏஜென்சி பெயரா? வெளியூர் என்றால் தங்குமிடத்தை நேரில் பாருங்கள். வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. எல்லா ஆலைக்கும் அப்படி இல்லை. ஒரே அறையில் பத்துப் பேர் என்று தெரிந்து ஒரு வாரத்தில் பெட்டியோடு திரும்பும் பெண், அடுத்த முறை எந்த முகாமுக்கும் வர மாட்டாள்.

அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) ஆலையில் சேர்கிறவர், தன் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்து அந்த எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவில்லாமல் ஓராண்டு உழைத்தால் கையில் சான்று இருக்காது. ரயில்வேயின் பணிமனைகளில் முறையாக அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத இடம் இருக்கிறது, அதை இழப்பது சாதாரண இழப்பு இல்லை.

சிப்காட் வரும்போது "வீட்டுக்கு ஒரு வேலை" என்று மேடையில் கேட்டதை நம்பி நிலத்தைக் கொடுத்துவிட்டு, பின்னால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது. வாய்வார்த்தையை எழுத்தாக்கிக் கேளுங்கள். எந்தப் பணி, என்ன தகுதி, எத்தனை பேர், எந்த ஆண்டு என்பது கருத்துக்கேட்புக் கூட்டக் குறிப்பில் ஏறட்டும். ஆலை ஓட ஆரம்பிக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஊர்ப் பிள்ளைகள் அந்தத் தகுதியைப் பெற அந்த இடைவெளி சரியாக இருக்கும். அந்த டிரேடை ஆரம்பிக்கச் சொல்லி ஐ.டி.ஐ. முதல்வரிடமும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் மனு கொடுக்க அதுதான் நேரம்.

அதோடு ஷிஃப்டு நேரத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். காலை ஷிஃப்டு 6 மணிக்கு, ஊரிலிருந்து முதல் பஸ் 6.20-க்கு என்றால், பயிற்சி முடித்த பெண்ணுக்கு வேலை இருந்தும் போக முடியாது. கிளைப் பணிமனைக்கு அடுத்த மனு எழுதும்போது பள்ளி நேரத்துக்குக் கீழேயே ஆலையின் ஷிஃப்டு நேரமும், அதில் போகப் போகிறவர்களின் எண்ணிக்கையும் இருக்கட்டும்.