விஸ்பர் பீக்கனில் டிரிஃப்ட்: நான் சரிசெய்த விதம்

விஸ்பர் (WSPR) என்பது அமெச்சூர் வானொலியில் மிகக் குறைந்த சக்தியில் சிக்னல் அனுப்பி, அது எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் முறை; கேட்ட நிலையங்கள் அறிக்கை தரும். இதைத் தானாக அனுப்பும் என் 200 மில்லிவாட் விஸ்பர் பீக்கனை 20 மீட்டர் அலைவரிசையில் பக்கத்து நிலையங்கள் மட்டுமே பிடித்தன. தூரத்திலிருந்து அறிக்கை வரவே இல்லை. கிடைத்த அறிக்கைகளில் டிரிஃப்ட், அதாவது அதிர்வெண் நழுவல், நிமிடத்துக்கு -3, -4 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. கோளாறு அதில்தான்.

விஸ்பர் சிக்னலின் மொத்த அகலமே சுமார் 6 ஹெர்ட்ஸ். நான்கு டோன்கள், ஒன்றுக்கொன்று 1.46 ஹெர்ட்ஸ் இடைவெளி. ஒருமுறை அனுப்ப 110.6 விநாடி ஆகும். அதற்குள் அதிர்வெண் சில ஹெர்ட்ஸ் நழுவினால், இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் சிக்னலை டிகோடரால் மீட்க முடியாது. பலமான சிக்னல் மட்டும் தப்பிக்கும்.

பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். பவர் டிரான்சிஸ்டர் நன்றாகவே சுட்டது. அதை ஒட்டியே அதிர்வெண்ணை உருவாக்கும் எஸ்ஐ5351 சிப், அதற்கு அடிப்படையான 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அனுப்பத் தொடங்கியதுமே சூடு கிரிஸ்டலுக்கு ஏறிவிடுகிறது.

சிப்பும் கிரிஸ்டலும் உள்ள ஆசிலேட்டர் போர்டைக் கழற்றிப் பெட்டியின் மறுகோடியில் வைத்தேன். கிரிஸ்டலைச் சின்னத் தெர்மோகோல் துண்டால் மூடினேன். அப்புறம், சிப்பின் சூடு ஒரே அளவில் நிற்கட்டும் என்று, அனுப்பாத நேரத்திலும் பயன்படாத ஒரு அவுட்புட்டை ஓடவிட்டேன். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். இப்போது டிரிஃப்ட் 0, தூரத்து அறிக்கைகளும் வருகின்றன.

10 மீட்டர் அலைவரிசையில் இதே நழுவல் இரண்டு மடங்காகத் தெரியும். அங்கே போகிறவர்கள் நேராக டிசிஎக்ஸ்ஓ (வெப்பமாற்றத்தை ஈடுசெய்யும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) போட்டுவிடுவது நல்லது.