மாவுச்சத்தை அளந்து உண்ணப் பழகுதல்

என் தந்தைக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்த நாளில், கிளினிக்கிலிருந்து வீடு திரும்பிய அவர் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இனிமேல் சோறு கூடாதாம்." மறுநாளிலிருந்து அவர் சோற்றைத் தொடவில்லை. காலையில் பசியாற ஒரு ரொட்டி சானாய், பகலில் இரண்டு குவளை தே தாரிக், மாலையில் கேழ்வரகுக் கூழ், இரவில் மூன்று சப்பாத்தி என்று தம் உணவை மாற்றிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு குறைந்திருக்கவில்லை. சொன்ன சொல்லை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. சோற்றில் இருப்பது என்ன, அது வேறு எந்தெந்த உணவில் இருக்கிறது என்பதைத்தான் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பினாங்கில் நம் வீடுகளிலும் கடைகளிலும் அன்றாடம் உண்ணும் உணவை வைத்தே அதை விளக்க முயல்கிறேன்.

நாம் கார்போஹைட்ரேட் என்பதை மாவுச்சத்து என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. மாவு என்றதும் அரிசியும் கோதுமையும் நினைவுக்கு வருகின்றன. குவளையில் இருக்கும் இனிப்புக் கெட்டிப்பால் நினைவுக்கு வருவதில்லை. உண்மையில் கார்போஹைட்ரேட் என்பது மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தின் பெயர். அரிசி, கோதுமை, கிழங்கு ஆகியவற்றில் உள்ள மாவுப்பொருள் ஒன்று. சீனி, தேன், பழம், பால் ஆகியவற்றில் உள்ள சர்க்கரைகள் இன்னொன்று. கீரை, காய்கறி, பருப்பு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றில் உள்ள நார்ச்சத்து மூன்றாவது. முதல் இரண்டும் செரித்து ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி ஆற்றல் தருகின்றன. நார்ச்சத்தோ சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் செல்கிறது. செல்லும் வழியில் மற்ற இரண்டும் இரத்தத்தில் சேரும் வேகத்தையும் தணிக்கிறது.

சோற்றை மெல்லும்போதே உமிழ்நீரில் உள்ள நொதி மாவுப்பொருளை உடைக்கத் தொடங்குகிறது. சிறுகுடலில் அது குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்க, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் குளுக்கோசை உடனே செலவிடவும், கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கவும் இன்சுலின் துணைபுரிகிறது. மூளை மட்டுமே ஒரு நாளில் ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோசைச் செலவிடுகிறது. ஆகவே மாவுச்சத்தைப் பகையாகக் கருதுவது தவறு. நலமுள்ள ஒருவர் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் 50 முதல் 65 விழுக்காடு கார்போஹைட்ரேட்டிலிருந்து கிடைக்கலாம் என்பதே 2017ஆம் ஆண்டின் மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை. ஆனால் தசைகளில் உள்ள அந்தக் கிடங்குக்கு ஓர் எல்லை உண்டு. உழைத்துக் காலியாக்கினால்தான் மீண்டும் இடம் கிடைக்கும். விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டி, தோளில் வாளி சுமந்து நடந்த நம் பாட்டனாருக்குக் குவித்துப் போட்ட சோறு தேவைப்பட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எட்டு மணிநேரம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பேரனுக்கும் அதே குவியலைப் பரிமாறுகிறோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் 18 வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. மரபணுவுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், மாற்றக்கூடியது தட்டில் இருப்பதுதான்.

கண்ணால் அளக்கும் முறை

உணவியல் நிபுணர்கள் 15 கிராம் கார்போஹைட்ரேட்டை ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு துண்டு ரொட்டி ஏறக்குறைய ஒரு பங்கு. 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் இருப்பதால், 150 கிராம் பிடிக்கும் சிறு கிண்ணச் சோறு மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. நடுத்தர அளவு இட்டிலி ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும், நடுத்தரச் சப்பாத்தி ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். கடையில் வாங்கும் ஒரு ரொட்டி சானாய் மூன்று பங்கு, கறி தனி. நீரிழிவு உள்ள பலருக்கு வேளைக்கு மூன்று அல்லது நான்கு பங்கு என்று தொடங்கி, எடையும் உழைப்பும் மருந்தும் பார்த்துக் கூட்டுவதோ குறைப்பதோ வழக்கம்.

இந்தக் கணக்கைக் கொண்டு என் தந்தையின் "சோறில்லாத" நாளை எண்ணிப் பார்த்தேன். ரொட்டி சானாய் 45 கிராம், இரண்டு தே தாரிக் சேர்ந்து 40 கிராமுக்கு மேல், கூழ் 20 கிராம், மூன்று சப்பாத்தி 60 கிராம். மொத்தம் 165 கிராம் ஆகிறது. அது நான்கு கிண்ணச் சோற்றுக்கு ஈடு. அவர் முன்பு ஒரு நாளில் உண்ட சோறே அவ்வளவுதான் இருக்கும்.

வீட்டில் ஒரு வாரம் மட்டும் சமையலறைத் தராசு வைத்துச் சோற்றை எடைபோட்டுப் பாருங்கள். ஏழு நாளில் கண்ணும் கையும் பழகிவிடும். பிறகு தராசு தேவைப்படாது. அகப்பையின் கணக்கை நம்பவேண்டாம். ஒரே அகப்பையால் ஒருவர் போடும் சோறு மற்றொருவர் போடுவதைப்போல் இரு மடங்கு இருப்பதை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் "சுக்கு-சுக்கு செப்பாரோ" தட்டைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்: கால் பகுதி சோறு அல்லது வேறு மாவுணவு, கால் பகுதி மீன், கோழி, முட்டை, பருப்பு போன்ற புரதம், எஞ்சிய பாதி காய்கறியும் பழமும். நம் வாழையிலைச் சாப்பாட்டில் இதைப் பொருத்தும்போது ஓர் இடத்தில் கவனமாக இருக்கவேண்டும். இலையில் கறிக்கூட்டின் வரிசையில் வைக்கப்படும் உருளைக்கிழங்குப் பிரட்டல் காய்கறி ஆகாது. அது சோற்றின் பக்கத்தைச் சேர்ந்தது. அப்பளமும் பாயசமும் அதே பக்கம்தான். ஆகவே உருளைக்கிழங்கு வைத்த நாளில் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, பயற்றங்காய், முட்டைக்கோஸ், வெண்டைக்காய் ஆகியவற்றை இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள். பரிமாறுபவர் சோற்று வாளியுடன் வரும்போது தயங்கினால் இலை நிறைந்துவிடும். அவர் கை நீளும் முன்பே "பாதி போதும் அண்ணே" என்று சொல்லிப் பழகவேண்டும். நாசி கண்டார் கடையிலும் சோற்றைப் பாதியாகக் கேட்கலாம். அங்கே நாலைந்து குழம்பையும் சேர்த்து வெள்ளமாக ஊற்றும்போது நெஞ்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வேறு கேடுகள் உண்டு. மாவுச்சத்தைப் பொறுத்தவரை, மெல்லாமலே விழுங்கும் அளவுக்குச் சோறு குழைந்து போவதும், பசி அடங்குவதற்குள் தட்டுக் காலியாகிவிடுவதும்தான் தொல்லை.

உண்ணும் வரிசையும் பயன் தரும். முதலில் காய்கறி, பிறகு மீனோ முட்டையோ, கடைசியில் சோறு என்று உண்டால் உணவுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றம் குறைகிறது. சாம்பாரில் உள்ள பருப்பை அடியிலிருந்து அள்ளி ஊற்றச் சொல்லுங்கள். வேகவைத்த 100 கிராம் பருப்பில் 8 கிராம் அளவுக்கு நார்ச்சத்து உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமாவது தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பிட்டுவிட்டுப் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது எளிய உதவி. நடக்கும்போது தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமல் குளுக்கோசை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர்மலை வரை போகவேண்டியதில்லை; அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

குவளையில் கரைந்திருப்பது

எங்கே முதலில் கை வைப்பது என்று என்னைக் கேட்டால், சோற்றுக்கு முன்பாகக் குவளையைக் காட்டுவேன். ஒரு குவளை தே தாரிக்கில் சேரும் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்றும் 2015இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. 2,000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். இரண்டு தே தாரிக் குடித்தாலே இரண்டாவது எல்லையைத் தாண்டிவிடுகிறோம். அதில் நாரும் இல்லை, மெல்ல வேண்டியதும் இல்லை. அதனால் சர்க்கரை விரைந்து இரத்தத்தை அடைகிறது, வயிறும் நிறைவதில்லை.

கடையில் கேட்கும் முறை நம் கையில் இருக்கிறது. "தே சி கோசோங்" என்றால் சீனியில்லாமல் ஆவிப்பால் மட்டும் சேர்த்த தேநீர் கிடைக்கும். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாதது. சட்டென்று மாற முடியாதவர்கள் இரண்டு வாரம் "கூராங் மானிஸ்", அதாவது இனிப்பைக் குறைத்து, என்று கேட்டுவிட்டு, நாக்கு பழகிய பின் கோசோங்குக்கு மாறலாம். என் தந்தை அப்படித்தான் மாறினார். நாட்டுச்சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு, குலா மெலாக்கா ஆகியவற்றைச் சேர்த்தால் கேடில்லை என்று நம்புவது வீண். பெயரும் மணமும் வேறாக இருந்தாலும் இரத்தத்தில் சேர்வது சர்க்கரையே.

டின்னிலும் பெட்டியிலும் வரும் பானங்களில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் கலால் வரி விதிக்கிறது. கடையில் கலக்கித் தரும் குவளைக்கு அந்த வரியும் இல்லை, எவ்வளவு சர்க்கரை என்று சொல்லும் அட்டையும் இல்லை. டின் வாங்கினால் அதன் அட்டையில் உள்ள சர்க்கரை அளவை டின்னின் முழு அளவோடு பெருக்கிப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் என்றால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம்.

எந்த அரிசி, எந்தப் பழம்

உணவு எவ்வளவு விரைவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பதை அளக்க, 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவருடைய குழுவினரும் கிளைசெமிக் குறியீட்டை உருவாக்கினார்கள். எளிதில் உடையாத அமைலோஸ் என்ற மாவுப்பொருள் வகை மிகுந்த பாஸ்மதி, குழைந்து ஒட்டும் வாசனை அரிசியைவிட மெதுவாகச் செரிக்கிறது. பொன்னிப் புழுங்கலும் வெண்ணிறப் பச்சரிசியைவிட நல்ல தேர்வு. எனினும் இரண்டு தட்டுப் பாஸ்மதி ஒரு கிண்ணப் பச்சரிசியைவிட நல்லதாகிவிடாது. நைய அரைத்த மாவும் குழைய வேகவைத்த கஞ்சியும் விரைந்து செரிப்பவை. ஆகவே கேழ்வரகு என்ற பெயரை நம்பிக் கூழைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது. இடியாப்பத்தைச் சீனியும் தேங்காய்ப்பூவும் தூவி உண்பதைவிடப் பருப்புக் குழம்போடு உண்பது மேல்.

பழத்தைப் பிழியாமல் கடித்து உண்ணவேண்டும். கொய்யா, பப்பாளி போன்றவற்றுக்கு அஞ்சத் தேவையில்லை. டுரியான் காலத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பாலிக் பூலாவில் பழம் குவியும் நாட்களில் யாரையும் தடுக்க முடியாது என்பதை அறிவேன். அதன் சதையில் 100 கிராமுக்கு 27 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளது; ஏறக்குறைய சோற்றுக்குச் சமம். இரண்டு, மூன்று சுளை உண்ணும் நாளில் அந்த வேளைச் சோற்றை விட்டுவிடுங்கள்.

மருந்து உண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை உண்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கக்கூடாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் உடனே சோதித்து, இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். சோதிக்கும் கருவி கையில் இல்லையென்றாலும் சீனி நீரைத் தாமதிக்காமல் குடிக்கவேண்டும். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊட்டாமல் 999ஐ அழையுங்கள்.

கருவி வீட்டில் இருந்தால் உங்கள் உடலையே கேட்டுப் பார்க்கலாம். ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டு, உண்பதற்கு முன் ஒரு முறையும், முதல் கவளம் உண்டு இரண்டு மணிநேரம் கழித்து ஒரு முறையும் சோதித்து, என்ன உண்டீர்கள், எவ்வளவு உண்டீர்கள் என்பதோடு நோட்டில் எழுதுங்கள். மறுநாள் அதே உணவில் சோற்றை மட்டும் ஒரு பங்கு குறைத்து மீண்டும் எழுதுங்கள். என் தந்தை இப்போது மதியத்தில் ஒரு கிண்ணப் பொன்னிச் சோறு உண்கிறார். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்யும் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.