மோசடி அழைப்புகள்: கண்டுபிடிப்பது, தடுப்பது, மாட்டிக்கொண்டால் மீள்வது

திரையில் தெரியும் நம்பர் அழைப்பவரின் உண்மையான நம்பர்தான் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இணையம் வழியாகச் செய்யும் அழைப்பில், எதிர்முனையில் எந்த நம்பர் தெரியவேண்டும் என்பதை அழைப்பவரே அடித்துக் கொடுக்க முடியும். பல நெட்வொர்க்குகள் அதைச் சரிபார்க்காமல் அப்படியே கடத்திவிடும். இதற்கு ஸ்பூஃபிங் என்று பெயர். உங்கள் வங்கியின் நம்பரை ஏற்கெனவே சேமித்து வைத்திருந்தால் இன்னும் ஆபத்து. போலி அழைப்பு அதே நம்பரைக் காட்டிக்கொண்டு வரும்போது, போன் தன் பட்டியலில் தேடி வங்கியின் பெயரையே திரையில் போட்டுவிடும். உங்கள் நம்பரின் முதல் சில இலக்கங்களோடு ஒத்துப்போகும் நம்பரைக் காட்டுவது இன்னொரு வழி. பக்கத்து ஊர் ஆள் யாரோ என்று நினைத்து எடுத்துவிடுவோம் என்பது கணக்கு.

ஆகவே நம்பரைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்க முடியாது. பேச்சைக் கேட்டுத்தான் பிடிக்கவேண்டும்.

பேச்சில் எங்கே பிடிபடும்

எடுத்து "ஹலோ" சொன்னதும் இரண்டு விநாடி அமைதி, பிறகு ஒரு சின்ன கிளிக் சத்தம், அதற்குப் பிறகே ஆள் பேசுகிறார் என்றால், ஒரு இயந்திரம் வரிசையாக நம்பர்களை அழைத்து, எடுத்தவரை ஆளிடம் இணைக்கிறது என்று பொருள். விற்பனை அழைப்புகளும் இப்படி வரும். அதனால் இது எச்சரிக்கை மட்டுமே.

பெயர், முகவரி, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் என்று சரியாகச் சொல்கிறாரா? அது எதையும் நிரூபிக்காது. கசிந்த தகவல் பட்டியல்களில் இவை எல்லாமே இருக்கும். கவனிக்கவேண்டியது வேறு: முதலில் ஒரு பயம் அல்லது ஆசை, அடுத்து அவசரம், அடுத்து "லைனை வைக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்". இந்த மூன்றாவது வந்தால் வேறு ஆதாரமே வேண்டாம், கட் செய்துவிடலாம். வாடிக்கையாளர் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதால் எந்த உண்மையான வங்கிக்கும் நஷ்டம் இல்லை.

ஓடிபி மோசடி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். "உங்கள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். தடுக்க ஒரு எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்கிறார். எஸ்எம்எஸ் வருகிறது, உண்மையாகவே வங்கியிலிருந்துதான் வருகிறது. ஏனென்றால் அவர் பேசிக்கொண்டே வங்கியின் தளத்தில் உங்கள் கணக்கில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தியிருக்கிறார். அந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்து படித்தால் "பாஸ்வேர்டு மாற்ற" என்றோ "பணம் அனுப்ப" என்றோ எழுதியிருக்கும். ஆனால் மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் முதல் வரியும், எண்ணைக் காப்பி செய்யும் பொத்தானும்தான் தெரியும். காதில் ஒருவர் அவசரப்படுத்தும்போது ஆறு இலக்கங்களை மட்டும் படித்துச் சொல்லிவிடுகிறோம். செய்தியை முழுதாகத் திறந்து, எண் எதற்கு என்று படிக்கும் பழக்கம் இருந்தாலே இந்த மோசடியில் பெரும்பாதி படுத்துவிடும்.

மகன் குரல், அக்கா குரல் என்று கேட்டாலும் அதே எச்சரிக்கை வேண்டும். சில விநாடிப் பதிவு கிடைத்தாலே குரலை நகல் எடுக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கட் செய்துவிட்டு, நீங்கள் வைத்திருக்கும் அவருடைய நம்பருக்கு நீங்களே அழையுங்கள்.

வங்கிக்கும் இதேதான். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் நம்பரை விரலால் அடித்து அழையுங்கள். அவர் சொன்ன நம்பரோ, கூகுளில் முதலில் வந்த நம்பரோ வேண்டாம். தேடல் முடிவுகளில் போலி உதவி எண்களை ஏற்றி வைத்திருப்பார்கள்.

ஒரு ரிங் அடித்து நின்றுவிடும் அழைப்பு

ஜப்பானிய மொழியில் 'வாங்கிரி' என்பார்கள்: ஒரு ரிங், உடனே கட். திருப்பி அழைத்தால் நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் பிடிக்கும் வெளிநாட்டு நம்பரில் போய் விழும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரருக்கு. மிஸ்டு கால் வந்ததால் மட்டும் பணம் போகாது, திருப்பி அழைத்தால்தான் போகும். +1 என்று தொடங்கினால் அமெரிக்காவோ கனடாவோதான் என்று நினைக்கவேண்டாம். ஜமைக்கா (876), கிரெனடா (473) போன்ற கரீபியன் தீவுகளும் அதே +1-இல்தான் இருக்கின்றன.

ஆண்ட்ராய்டில் தடுப்பது

கூகுளின் போன் ஆப் என்றால்: ஆப்பைத் திற, மெனு, செட்டிங்ஸ், 'காலர் ஐடி அண்ட் ஸ்பேம்'. அங்கே இரண்டு சுவிட்சுகள். முதலாவது அழைப்பவர் விவரத்தையும் ஸ்பேம் (வேண்டாத தொல்லை அழைப்பு) எச்சரிக்கையையும் காட்டும், ஆனால் போன் அடிக்கும். இரண்டாவது, 'ஃபில்டர் ஸ்பேம் கால்ஸ்', சந்தேகமான அழைப்பை அடிக்கவே விடாது. இரண்டையும் போடுங்கள். இது வேலை செய்ய அழைப்பு பற்றிய தகவல் கூகுளுக்குப் போகக்கூடும். அதில் சம்மதம் இல்லாதவர்கள் விட்டுவிடலாம். சாம்சங் போன்களில் அவர்களுடைய போன் ஆப் செட்டிங்ஸில் இதே பெயரை ஒட்டிய பிரிவு இருக்கிறது. மெனு மாடலுக்கு மாடல் இடம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஸ்பேம்' என்று தேடுவதே சுலபம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பிளாக் பட்டியலில் 'அன்நோன்' நம்பர்களைத் தடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது தடுப்பது நம்பரையே மறைத்து வரும் அழைப்புகளை மட்டும்தான். உங்கள் காண்டாக்ட்டில் இல்லாத நம்பர்களை அது தொடாது. தெரிந்தவர்கள் அழைத்தால் மட்டும் அடிக்கவேண்டும் என்றால் 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டு, அழைப்புகளுக்கு 'காண்டாக்ட்ஸ்' என்று வைக்கவேண்டும். அதற்குள் 'ரிப்பீட் காலர்ஸ்' என்று ஒரு விதிவிலக்கு இருக்கும்: 15 நிமிடத்துக்குள் ஒரே நம்பர் இரண்டாம் முறை அழைத்தால் போன் அடித்துவிடும். விடாமல் அழைப்பவர்களுக்கு இது திறந்த வாசல். அதை அணைத்துவிடுங்கள்.

ஐபோனில்

புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், ஆப்ஸ், போன். பழையதில் செட்டிங்ஸ், போன். ஐஓஎஸ் 13 முதல் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' இருக்கிறது. காண்டாக்ட்டில் இல்லாத, நீங்கள் அண்மையில் அழைக்காத நம்பர்கள் அடிக்காமல் வாய்ஸ்மெயிலுக்குப் போய், ரீசன்ட்ஸ் பட்டியலில் மட்டும் தெரியும். நீங்கள் அவசர உதவி எண்ணை அழைத்தால், அடுத்த 24 மணி நேரம் இது தானாக ஓய்ந்துவிடும். மீட்புப் பணியாளர் திருப்பி அழைக்கும்போது போன் அடிக்கவேண்டும் அல்லவா. ஐஓஎஸ் 26-இல், அழைப்பவரிடம் எதற்காக அழைக்கிறார் என்று போனே கேட்டு, பதிலைத் திரையில் எழுதிக் காட்டும் வசதியும் வந்திருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, வேலைக்கு விண்ணப்பித்த இடம் ஆகியவற்றிலிருந்து அழைப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு முழு மௌனத்தைவிட இதுதான் பொருத்தம்.

வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு மேற்சொன்ன ஸ்பேம் ஃபில்டர்கள் பொருந்தாது. அதற்குள் செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போய் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' போடவேண்டும்.

ஒற்றை நம்பரை பிளாக் செய்வது? ஒரே நம்பரிலிருந்து தொல்லை தருபவருக்குச் சரி. ஸ்பூஃபிங் செய்பவர் அடுத்த அழைப்பில் வேறு நம்பர் காட்டுவார். பட்டியல் நீளுமே தவிர அழைப்பு குறையாது.

கால் ஃபார்வர்டிங் பொறி

"நெட்வொர்க் கோளாறு, இந்தக் கோடை டயல் செய்யுங்கள்" என்று ஒன்றைக் கொடுப்பார்கள். நட்சத்திரக் குறி, சில இலக்கங்கள், நடுவில் ஒரு முழு போன் நம்பர், கடைசியில் ஹாஷ். டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த நம்பருக்குத் திரும்பிவிடும். ஃபார்வர்டிங்கில் எஸ்எம்எஸ் போகாது, ஆனால் குரலில் வாசிக்கப்படும் சரிபார்ப்பு எண் போய்விடும். மெசேஜ் கணக்குகளைக் கைப்பற்ற அது போதும்.

ஜிஎஸ்எம் அடிப்படையிலான நெட்வொர்க்குகளில் *#21# டயல் செய்தால் ஃபார்வர்டிங் இருக்கிறதா என்று தெரியும். ##21# அதை நீக்கும். ##002# எல்லா வகை ஃபார்வர்டிங்கையும் நீக்கும். வாய்ஸ்மெயிலும் அதோடு நின்றுபோகலாம், பிறகு ஆபரேட்டரிடம் சொல்லி மீட்கவேண்டும். போன் அணைந்திருக்கும்போதோ சிக்னல் இல்லாதபோதோ அழைப்பு எங்கே திரும்பும் என்று காட்டும் *#62#-ஐ அடித்து ஏதோ நம்பர் தெரிந்தால் பதறவேண்டாம், பெரும்பாலும் அது ஆபரேட்டரின் வாய்ஸ்மெயில் நம்பர்தான். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

எண்ணைச் சொல்லிவிட்டோம், அவர் சொன்ன ஆப்பையும் போட்டுவிட்டோம் என்றால்

முதலில் ஏரோபிளேன் மோட் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆப் வழியாக உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் அப்போது மூடும். அடுத்து வங்கிக்கு வேறொரு போனிலிருந்து அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். வேறு போன் எதற்கு என்றால், ஆண்ட்ராய்டில் அழைப்பு ஆப்பாகவே தன்னை அமர்த்திக்கொண்டு, நீங்கள் வங்கிக்குச் செய்யும் அழைப்பை மோசடிக்காரரிடமே திருப்பிவிடும் தீய ஆப்கள் இருக்கின்றன. பாஸ்வேர்டுகளையும் வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி. அந்த ஆப்பை நீக்க முடியவில்லை என்றால் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியையும் 'டிவைஸ் அட்மின்' உரிமையையும் முதலில் பறித்துவிட்டு நீக்கவேண்டும். அதற்கும் மசியாவிட்டால், போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட்.

காவல்துறையில் புகார் கொடுக்க அழைப்பு வந்த நேரம், காட்டிய நம்பர், பணம் போன கணக்கு ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட் தேவைப்படும். முடிந்தால் ரீசெட் செய்யும் முன் இவற்றை எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள். சில நாளில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று இன்னொரு அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் நம்பர் பட்டியல் கைமாறி விற்பனையாவதால் வரும் அழைப்பு அது.