பழைய கார்ல கூலன்ட் மாத்தும்போது நாம பண்ற தப்புகள்

எங்க வீட்ல 1999 மாடல் மாருதி 800 ஒண்ணு இருக்கு, அப்பா வாங்கினது, இன்னைக்கும் தினமும் ஓடுது. அதுக்கு முதல் தடவ நானே கூலன்ட் (இஞ்சின் சூட்ட தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துற திரவம்) மாத்தலாம்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சேன். ரேடியேட்டரோட கீழ் ஹோஸ கழட்டினதும் பச்சையா வரும்னு பாத்தா செம்மண் கரைச்ச மாதிரி தண்ணி வந்துச்சு, கடைசியா டப்பு அடியில தங்கினத விரல்ல தேச்சு பாத்தா நறநறன்னு மணல் மாதிரி இருந்துச்சு. நல்லா வடிய விட்டு ஹோஸ மாட்டி புது கூலன்ட் ஊத்தினா, மேனுவல்ல போட்டிருக்க அளவுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் உள்ள போச்சு, அதுக்கு மேல போகல. மூணு நாள் கழிச்சு மூடிய திறந்து பாத்தா பச்சை போயி மறுபடி பழுப்பு கலர்.

அப்பதான் விஷயம் புரிஞ்சுது. நாம காலி பண்றது ரேடியேட்டர மட்டும்தான், இஞ்சின் பிளாக்குள்ள சிலிண்டர சுத்தி இருக்க பழைய தண்ணி அப்படியே நிக்குது. கூலன்ட் மாத்துறதுல வர்ற தப்பு நிறைய இந்த ஒண்ண மறக்குறதுலதான் ஆரம்பிக்குது.

ஏன் வடியாதுன்னா ஹோஸ் வாய்க்கு கீழ பிளாக்குள்ள தேங்கின தண்ணி தானா வெளிய வராது, போதாததுக்கு நடுவுல தெர்மோஸ்டாட் வால்வு வேற இருக்கு. இஞ்சின் ஆறியிருக்கும்போது அது மூடித்தான் இருக்கும், தண்ணி 80 டிகிரிய தாண்டினாத்தான் மெதுவா திறக்கும். நீங்க ஆறின வண்டில ரேடியேட்டர் வாயில ஹோஸ் பைப்ப வச்சு எவ்ளோ நேரம் தண்ணி விட்டாலும் அது மேல் வாய் வழியா போயி கீழ வெளிய வந்துரும், ரேடியேட்டர்தான் பளிச்சுன்னு ஆகும், பிளாக்குள்ள ஒண்ணும் நடக்காது. முறையா பண்ணணும்னா தண்ணி ஊத்தி, ஹீட்டர் இருந்தா நாப்ப முழு சூட்ல வச்சு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸ் சூடாகுற வரைக்கும் ஓட விட்டு, ஆஃப் பண்ணி நல்லா ஆற விட்டு வடிக்கணும், அதே மாதிரி ரெண்டு மூணு தடவ, வர்ற தண்ணி தெளிவாகுற வரைக்கும். ஹீட்டர் நாப் ஏன்னா டேஷ்போர்டுக்குள்ள இருக்க குட்டி ஹீட்டர் ரேடியேட்டர்லயும் பழைய தண்ணி தேங்கியிருக்கும், நம்ம ஊர்ல யாரும் ஹீட்டரே போடுறதில்ல, அதனால அது வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். சில இஞ்சின்ல பிளாக் பக்கவாட்டுல தனியா ட்ரெயின் போல்ட் இருக்கும், பழைய அம்பாசடர்ல குழாய் மாதிரியே வச்சிருப்பாங்க, அது இருந்தா வேலை ரொம்ப சுலபம். ஆனா இருபது வருஷமா தொடாத போல்ட்னா முரட்டுத்தனமா ஸ்பேனர் போடாதீங்க, தலை முறிஞ்சு போச்சுன்னா ஒரு நாள் வேலை பத்து நாள் வேலையாயிடும். ரேடியேட்டர் அடியில இருக்க பிளாஸ்டிக் ட்ரெயின் திருகும் அப்படித்தான், வெயில்லயும் சூட்லயும் கிடந்து மக்கிப்போயிருக்கும், சந்தேகமா இருந்தா அத தொடாம கீழ் ஹோஸயே கழட்டிடுங்க.

இந்த தெர்மோஸ்டாட் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகணும். எங்க வண்டில அந்த ஹவுசிங்க திறந்து பாத்தப்போ உள்ள வால்வே இல்ல, வெறும் பேக்கிங் மட்டும் இருந்துச்சு. எப்பவோ வண்டி ஹீட் ஆகுதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டப்போ கழட்டி போட்டிருக்காங்க. நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லன்னு நிறைய மெக்கானிக் இன்னும் நம்புறாங்க, அது தப்பு. வால்வு இல்லாட்டி இஞ்சின் வேலை பாக்குற சூட்டுக்கு வரவே நேரமாகும், ஹைவேல போனா காத்து அடிச்சு இன்னும் ஆறும், பெட்ரோல் அதிகமா குடிக்கும், இஞ்சின் ஆயில்ல சேர்ற ஈரம் ஆவியாகாம கசண்டாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். வால்வு வேலை செய்யலன்னா புது வால்வு போடணும், துளைய காலியா விடக்கூடாது. பழசு நல்லாருக்கான்னு பாக்குறது சுலபம், ஒரு பழைய பாத்திரத்துல தண்ணி ஊத்தி அடுப்புல வச்சு வால்வ நூல்ல கட்டி தொங்க விடுங்க, கொதி வர்றதுக்கு முன்னாடி நடுவுல இருக்க தட்டு மெதுவா எழும்பி திறக்கணும், ஆறினா மூடணும். பக்கத்துல நின்னு ஒரு தடவ பாத்தீங்கன்னா அது எவ்ளோ அருமையான சாமான்னு தெரியும், உள்ள இருக்க மெழுகு சூட்ல உருகி விரியுது, அந்த ஒரு விரிவுதான் மொத்த வேலையும் பாக்குது. கூலன்ட் மாத்துற அன்னிக்கு எப்படியும் எல்லாம் காலியாத்தான் இருக்கு, அதுலயே இதையும் பாத்து முடிச்சிடலாம்.

அடுத்து தண்ணி. போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. நம்ம வீட்டு பக்கெட் விளிம்புலயும் குளியலறை குழாய்லயும் வெள்ளையா படியுதே அந்த உப்புதான் பிளாக்குள்ளயும் ரேடியேட்டரோட சின்ன சின்ன குழாய்க்குள்ளயும் படியும், சூடு அதிகமா இருக்க இடத்துல இன்னும் வேகமா படியும், படிஞ்ச உப்பு சூட்ட வெளிய விடாது. கேன் தண்ணி, ஆர்ஓ தண்ணி எல்லாம் பரவால்லன்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா அதுலயும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும், பேட்டரி கடைல கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர் இருக்கும்போது அத விட்டுட்டு வேற எதுக்கு. கழுவுறதுக்கு குழாய் தண்ணி பயன்படுத்தினாலும் கடைசி ரெண்டு அலசல் டிஸ்டில்டுலயே இருக்கட்டும்.

இப்ப ஒரு கணக்கு, நிறைய பேர் கவனிக்காதது. மொத்த கொள்ளளவு 4 லிட்டர்னு வைங்க, அலசி முடிச்சு வடிச்சா 2.2 லிட்டர்தான் வெளிய வருது, அப்ப 1.8 லிட்டர் வெறும் தண்ணி உள்ளயே இருக்கு. இந்த நேரத்துல பாதிக்கு பாதி கலந்தே வர்ற ரெடிமேட் கூலன்ட்ட ஊத்தினா உள்ள போற 2.2 லிட்டர்ல அசல் சரக்கு 1.1 லிட்டர்தான், மொத்தத்துல 28 சதவீதம் கூட வரல. நீங்க காசு குடுத்து வாங்கினது 50, வண்டிக்கு கிடைச்சது அதுல பாதிக்கு கொஞ்சம் மேல. அதனால அலசின வண்டிக்கு தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கி முதல்ல அத 2 லிட்டர் ஊத்திட்டு மீதி இடத்த டிஸ்டில்டு வாட்டரால நிரப்புங்க, கணக்கு சரியா வந்துரும். இதுக்கு நேரெதிரா கான்சன்ட்ரேட்டயே முழுசா ஊத்தினா இன்னும் நல்லதுன்னு நினைக்கிறவங்களும் உண்டு, அதுவும் வேணாம், சூட்ட சுமந்துட்டு போறதுல தண்ணிதான் கெட்டிக்காரன், கூலன்ட்ல இருக்க அசல் சரக்கான கிளைகால் தனியா அவ்ளோ சூட்ட எடுக்காது.

நமக்கு பனி உறையுற பிரச்சனை இல்லையே, ஊட்டிக்காரங்கள தவிர மத்தவங்களுக்கு கூலன்ட் எதுக்கு, வெறும் தண்ணியே போதுமேன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். கூலன்ட்ல துருப்பிடிக்காம இருக்க சேர்க்குற மருந்து இருக்கு, அதுதான் நமக்கு முக்கியம். பழைய வண்டில அலுமினிய ஹெட் (பிளாக்குக்கு மேல மூடி மாதிரி உக்காந்திருக்க பாகம்), இரும்பு பாகம், செம்பு பித்தளை ரேடியேட்டர்னு பல உலோகம் ஒரே தண்ணில நனைஞ்சு கிடக்குது, மருந்து தீந்துபோன தண்ணில அதுங்க ஒண்ண ஒண்ணு அரிச்சுக்கும். கலர் அப்படியே பச்சையா இருக்கும், மருந்து மட்டும் தீந்திருக்கும், அதனால கலர பாத்து நல்லாருக்குன்னு விடாம பழைய ரக பச்சை கூலன்ட்ட ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுறது நல்லது. அதே மாதிரி கலர வச்சு ரகத்த முடிவு பண்ணாதீங்க, ஒரு கம்பெனி பச்சை வேற, இன்னொரு கம்பெனி பச்சை வேற, கலர் வெறும் சாயம்தான். ரெண்டு ரகத்த கலந்தா ஒண்ணோட மருந்து இன்னொண்ண கெடுக்கும், சில சமயம் களி மாதிரி கெட்டியாகி குழாய அடைக்கும்.

சுத்தம் பண்றேன்னு காஸ்டிக் சோடா, வாஷிங் சோடா, டைல்ஸ் கழுவுற ஆசிட் எல்லாம் ஊத்துறத நானே பாத்திருக்கேன். காஸ்டிக் சோடாவும் அந்த ஆசிடும் அலுமினியத்த தின்னும், வாஷிங் சோடாவும் அலுமினியத்துக்கு ஆகாது, ஹெட்டே அலுமினியமா இருக்க வண்டில அத ஊத்தினா அழுக்கோட சேத்து ஹெட்டும் கரையும். கடைல விக்கிற ஃப்ளஷ் கெமிக்கல் கூட ரொம்ப பழைய ரேடியேட்டர்ல யோசிச்சுத்தான் பயன்படுத்தணும், சில இடத்துல அந்த உப்பு படிவுதான் ஊசித்துளைய அடைச்சு வச்சிட்டிருக்கும், அது போனா ஒழுக ஆரம்பிக்கும். ரேடியேட்டர்ல பாதி குழாய் அடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா கழட்டி ரேடியேட்டர் கடைல குடுக்குறதுதான் சரி. வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்ன உள்ள விடுறதும் வேணாம், பழைய ஹீட்டர் ரேடியேட்டர் தாங்காது.

சூடா இருக்கும்போது மூடிய திறக்காதீங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா வேலை பாக்குற மும்முரத்துல ரெண்டாவது மூணாவது அலசலுக்கு பொறுமை போயி திறந்துடுவோம், அங்கதான் கை முகம் எல்லாம் வெந்து போகுது. மூடி உள்ள அழுத்தத்த பிடிச்சு வச்சிருக்கதாலதான் தண்ணி 100 டிகிரிய தாண்டியும் கொதிக்காம இருக்கு, மூடி திறந்த நொடி அத்தனையும் கொதிச்சு மேல வரும். மேல் ஹோஸ கையால பிடிச்சு அமுக்குங்க, வெதுவெதுப்பா தளதளன்னு இருந்தாத்தான் திறக்கலாம். சூட்டு இஞ்சின்ல பச்சத்தண்ணி ஊத்துறதும் அப்படித்தான், ஹெட்ல விரிசல் விட்டா அந்த வண்டியோட மதிப்புக்கு செலவு கட்டுப்படியாகாது. இன்னொண்ணு, சில வண்டில சாவிய எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானா சுத்தும், அது பக்கத்துல விரல கொண்டு போகாதீங்க.

ஊத்தி முடிச்சதும் மூடிய போட்டு கிளம்பிடுறது அடுத்த தப்பு. உள்ள காத்து அடைச்சிருக்கும். வண்டி முன்பக்கம் கொஞ்சம் மேடா இருக்க மாதிரி நிறுத்தி, மெதுவா ஊத்தி, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி, நடுநடுவுல மேல் ஹோஸ அமுக்கி விடுங்க. குமிழி குமிழியா வரும், தெர்மோஸ்டாட் திறக்கும்போது ஒரு தடவ தண்ணி மட்டம் சட்டுன்னு இறங்கும், அப்ப நிரப்புங்க. காத்து அடைச்ச வண்டில டேஷ்போர்டு முள்ள நம்பாதீங்க, சென்சார் தண்ணில முங்கியிருந்தாத்தான் சூட்ட சொல்லும், காத்துல நின்னா முள்ளு கீழயே இருக்கும், அங்க ஹெட் வளைஞ்சிட்டு இருக்கும். குமிழி நிக்காம வந்துட்டே இருந்தா, இல்ல ஆயில் மூடியில மோர் மாதிரி வெள்ளையா இருந்தா, அது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்க பேக்கிங்) சமாச்சாரமா இருக்கலாம், அப்படின்னா எத்தன தடவ அலசினாலும் தீராது, மெக்கானிக்கிட்ட போயிடுங்க.

ரேடியேட்டர் மூடியோட ரப்பரையும் பாருங்க, சின்ன விலை, ஆனா அது சரியில்லன்னா சூட்ல விரிஞ்சு பக்கத்துல இருக்க ரிசர்வ் பாட்டிலுக்கு போன கூலன்ட் திரும்பி வராது. காலைல ஆறின வண்டில மேல் ஹோஸ் சப்பையா ஒட்டிக்கிடந்தா மூடிலதான் கோளாறுன்னு சந்தேகப்படலாம். பாட்டில மட்டும் நிரப்பிட்டு ரேடியேட்டர பாக்காம விடுறவங்களும் நிறைய.

வடிச்ச கூலன்ட்ட தெருவுல ஊத்தாதீங்க, டப்புல திறந்து வைக்கவும் வேணாம். எத்திலீன் கிளைகால் இனிப்பா இருக்கும், நாயோ பூனையோ நக்கிடும், குழந்தைங்க கூட வாய்ல வச்சிடும். முதல்ல போதை ஏறின மாதிரி தள்ளாடும், அப்புறம் தெளிஞ்ச மாதிரி தெரியும், அதுக்குள்ள கிட்னி போயிட்டு இருக்கும். குடிச்சிடுச்சுன்னு சந்தேகம் வந்தாலே காத்திருக்காம டாக்டர்கிட்ட ஓடணும். நான் மூடி போட்ட பழைய ஆயில் கேன்ல பிடிச்சு மேல எழுதி ஒர்க்‌ஷாப்ல கழிவு சேகரிக்கிற எடத்துல குடுத்துட்றேன்.

அடுத்த நாலஞ்சு நாள் காலைல ஆறின வண்டில மூடி திறந்து மட்டம் பாருங்க, கொஞ்சம் இறங்கும், அதே ரகத்த ஊத்துங்க, கழட்டின ஹோஸ் கிளாம்ப் பக்கம் ஈரம் இருக்கான்னு விரல வச்சு தடவி பாருங்க. பாட்டில் மேல ஒரு வெள்ளை டேப் ஒட்டி தேதி, கம்பெனி, ரகம், எவ்ளோ கலந்தீங்கன்னு எழுதி வைங்க. எங்க வண்டில அந்த டேப் இருந்ததாலதான் போன மாசம் தம்பி வேற கலர் டாப்அப் ஊத்தப் போனவன் படிச்சிட்டு கேன கீழ வச்சான்.