வாசகரைப் பின்தொடராமல் பக்கப் பார்வைகளைக் கணக்கிடுவது எப்படி?

பெங்களூரில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தும் அடுக்ககக் குழுக்களும், அல்சூர், இராமமூர்த்தி நகர்ப் பகுதிகளின் வாசக வட்டங்களும் வேர்ட்பிரஸ்ஸில் சிறிய இணையதளங்களை வைத்திருக்கின்றன. அத்தகைய தளத்தை நடத்துபவர் அறிய விரும்புவது பெரும்பாலும் இரண்டே செய்திகள்: எந்தப் பக்கம் படிக்கப்படுகிறது, வாசகர் எங்கிருந்து வந்து சேர்கிறார். இதற்காக, வருபவரின் நடமாட்டத்தை வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும் கருவியை நிறுவ வேண்டியதில்லை. குழந்தைகள் வந்துபோகும் வகுப்புத் தளமாக இருந்தால் நிறுவாமலிருப்பதே நல்லது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைப் பொதுவிதியாகப் பிரிவு 9இல் தடை செய்கிறது. (தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த வழக்கின் மனுதாரரான கே. எஸ். புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி என்பதை இவ்வூர்க்காரர்கள் சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.)

இத்தேவைக்கு இரண்டு இலவசச் செருகுநிரல்கள் (பிளகின்கள்) பொருந்தும். ஸ்டேட்டிஃபை (Statify) ஒவ்வொரு பார்வைக்கும் தேதி, வந்த வழி, பார்த்த பக்கம் ஆகிய மூன்றை மட்டுமே பதிந்துகொள்ளும். ஐபி முகவரியையோ (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) குக்கியையோ (உலாவியில் தளம் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) தொடாது. கோக்கோ அனலிடிக்ஸ் (Koko Analytics) ஒவ்வொரு பக்கத்துக்கும் நாள்வாரித் தொகையைச் சேமிப்பதோடு, தனி வருகையாளர் எத்தனை பேர் என்ற மதிப்பீட்டையும் தருகிறது. இரண்டிலும் தரவு உங்கள் தளத்தின் தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். மாதக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்குக் கோக்கோவையே பரிந்துரைப்பேன். ஸ்டேட்டிஃபை தானாகவே 14 நாள் தரவை மட்டும் வைத்துக்கொள்ளும் என்பதால், அதைத் தேர்வோர் அமைப்புகளில் அந்த எண்ணை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

நிறுவுவது எளிது. நிர்வாகப் பக்கத்தில் செருகுநிரல்கள் பகுதிக்குச் சென்று, பெயரைத் தேடி, நிறுவி, இயக்கினால் போதும். கவனம் தேவைப்படுவது அதன் பிறகுதான். முதலில், நிர்வாகிகளும் பதிப்பாசிரியர்களும் பார்ப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். நாளொன்றுக்கு நாற்பது பேர் வரும் தளத்தில், பிழை திருத்துவதற்காக நீங்களே பத்து முறை திறந்து பார்த்தால் கணக்கு பொய்த்துவிடும். அடுத்து, கோக்கோவில் தனி வருகையாளரைக் கணிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குக்கி வைத்தால் கணிப்பு ஓரளவு துல்லியமாக இருக்கும். ஆனால் வாசகரின் கைபேசியில் ஒரு குறியை விட்டுவைக்கிறோம். குக்கியில்லா முறையில், ஐபி முகவரியையும் உலாவியின் விவரத்தையும் கலந்து, நாள்தோறும் மாறும் ஓர் இரகசியச் சரத்துடன் சேர்த்துத் திரும்பப் பிரிக்க முடியாத குறியீடாக மாற்றி, ஒருவரை அன்றைய நாளுக்கு மட்டும் அடையாளம் காண்பார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு குறை உண்டு: ஓர் அலுவலகத்தின் ஊழியர்கள் அனைவரும் ஒரே ஐபி முகவரியில் வருவதும், கைபேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிப்பதும் வழக்கம் என்பதால், ஒரே வகைக் கைபேசி வைத்திருக்கும் இருவர் ஒருவராகக் கணக்கிடப்படலாம். ஆகவே வருகையாளர் எண்ணிக்கையைத் தோராயமான மதிப்பீடாகக் கொண்டு, பக்கப் பார்வைகளையே நம்புங்கள்.

கேச் செருகுநிரல் (பக்கங்களின் ஆயத்த நகலை வைத்திருந்து விரைவாகத் தருவது) இருந்தால், புதியதை நிறுவிய கையோடு கேச்சை அழித்துவிடுங்கள். ஸ்டேட்டிஃபையில் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கணக்கிடும் தேர்வையும் இயக்க வேண்டும், இல்லையேல் கேச்சிலிருந்து போகும் பக்கங்கள் எண்ணப்படாது. பிறகு, லாகின் செய்யாத ஒரு கைபேசியில் பக்கத்தைத் திறந்து, எண் கூடுகிறதா என்று பாருங்கள். கோக்கோ பார்வைகளை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, பின்னர் வேர்ட்பிரஸ்ஸின் கிரான் (குறித்த நேரத்தில் தானாகப் பணி செய்யும் ஏற்பாடு) வழியாகத் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. அந்தக் கிரானோ யாராவது தளத்துக்கு வந்தால்தான் இயங்கும். எண் உடனே ஏறவில்லை என்பதற்காகச் செருகுநிரலை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம். தாமதம் தொடர்ந்தால், ஹோஸ்டிங் கணக்கில் உண்மையான கிரானை அமைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்தின் தலைப்பைத் தமிழில் இட்டால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்குகிறது. எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள் கொள்வதால், முகவரியில் அது விழுக்காட்டுக் குறிகளோடு (%) 9 எழுத்துகளாக விரியும். முகவரிப் பெயருக்கான இடம் 200 எழுத்துகளே என்பதால், ஏறத்தாழ 22 குறிகளில் தலைப்பு வெட்டுப்பட்டுவிடும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். எனவே மூன்று சொல் தலைப்பே சில சமயம் முழுதாக நிற்காது. முகவரியை வைத்துக் கணக்கிடும் கருவியில், ஒன்றுபோல் தொடங்கும் இரண்டு பாடக் குறிப்புகளைப் பிரித்தறிவது கடினம். பக்கத்தை வெளியிடும் முன்பே ரோமன் எழுத்தில் ஒரு குறும்பெயரை இட்டுவிடுவது நல்லது. வெளியிட்ட பின் மாற்றினால், அது பதிவு (போஸ்ட்) வகையாக இருந்தால் பழைய இணைப்பு புதியதற்குத் திருப்பிவிடப்படும் என்றாலும், அத்தகைய கருவியில் பார்வைக் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

வந்த வழிப் பட்டியலில் வாட்ஸ்அப் அரிதாகவே தென்படும். குழுவில் பகிர்ந்த இணைப்பைத் தொட்டு வருபவர் பெரும்பாலும் வந்த வழி தெரியாமலே வந்து சேர்வார். வழி குறிக்கப்படாத பார்வைகள் ஒரு மாலையில் திடீரென உயர்ந்தால், தேடுபொறியை வாழ்த்துவதற்கு முன் பெற்றோர் குழுவில் யாராவது இணைப்பைப் போட்டார்களா என்று பாருங்கள்.

இறுதியாக, தனியுரிமைப் பக்கத்தில் இப்படி எழுதலாம்: “இத்தளம் எந்தப் பக்கம் எத்தனை முறை, ஏறத்தாழ எத்தனை பேரால் பார்க்கப்பட்டது, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மட்டும் தன்னிடமே கணக்கிட்டு வைக்கிறது.” இதை எழுதும் முன், பழைய கண்காணிப்பு நிரல்துண்டு ஏதும் தீமின் (தளத்தின் தோற்ற வார்ப்புரு) தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீக்கிவிடுங்கள். பக்கத்தில் பதித்த யூடியூப் காணொளியும், கூகுளிலிருந்து நேரே இழுக்கப்படும் எழுத்துருவும் வாசகரின் ஐபி முகவரியை வெளியே கொண்டுசெல்வதால், காணொளிக்கு வெறும் இணைப்பைத் தந்து, எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே ஏற்றிவையுங்கள்.